விண்ணப்பம் எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கல்பாக்கத்தில் உயர்கல்வியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. 1971-ல் இங்கே அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1983 ஜூலையில் மின்நிலையத்தின் முதல் உலை உயிர் பெற்றது. அன்று முதல் இந்த ஊரில் ஒரு பிள்ளை 'படிக்கப் போகிறேன்' என்றால் அது இயற்பியல் அல்லது பொறியியல் என்றே பொருள். அவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சமயம், தத்துவம், வரலாறு, மொழி ஆகிய துறைகளில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் படிக்க விரும்பும் மிகச் சிலரைக் குறித்தே பேசப் போகிறேன். அவர்களுக்கு இந்த ஊரில் வழி சொல்ல ஆள் குறைவு.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தகப்பனார் என்னை மடக்கினார். ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவர். "சார், எம்பொண்ணு பி.எஸ்ஸி. முடிச்சுட்டா. மேலே சமயம் படிக்கப் போறேங்கிறா. சிஸ்டராப் போறியாம்மான்னு கேட்டேன். இல்லைங்கிறா. அப்ப எதுக்கு சார் அந்தப் படிப்பு?" என்றார். குரலில் கோபம் இல்லை, கலக்கம் இருந்தது. வெயிலில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தனிநாயகம் அடிகளாரின் பெயரைத் தமிழாராய்ச்சி மாநாடுகளோடு சேர்த்து நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் எத்தனை முறை மாணவரானார் என்பதை யாரும் சொல்வதில்லை. 1913-ல் இலங்கையில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தவர். கொழும்புக் குருமடத்திலும் பிறகு ரோமையிலும் பயின்று, 1938-ல் குருப்பட்டம் பெற்று, இறையியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பழைய கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றியது அவருடைய ஆய்வு. பின்னர் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ச்சி உள்ளவர். தாய்மொழியின் இலக்கியத்தில் மட்டும் முறையான பயிற்சி இல்லை. அதை ஒளிக்கவில்லை. அங்கேயே ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945-ல், ரோமையில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்திரண்டு. தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

முதுகலையோடு நிற்கவில்லை. பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை என்பதை எடுத்துக்கொண்டு அங்கேயே ஆய்வுப் பட்டமும் பெற்றார். 1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். பிறகு, தாமே பல்கலைக்கழக ஆசிரியராக இருக்கையில், மூன்றாவது முறையாக மாணவராகி லண்டனில் பழந்தமிழர் கல்வியைப் பற்றி ஆய்ந்து இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றார். 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகம், 1964-ல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? வத்திக்கான் நூலகத்தில் ஒரு பழைய தமிழ் - போர்த்துகீசிய அகராதி இருந்தது. அந்தாம் தெ புரோயென்சா என்ற சேசு சபைக் குரு தொகுத்து, 1679-ல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. 1954-ல் தனிநாயகம் அடிகளார் அதைக் கண்டெடுத்தார். 1966-ல் அது மறுபதிப்பாக வெளிவந்தது. நூலகத்தில் அது தொலைந்து கிடக்கவில்லை. அதன் அருமை தெரிந்த ஆள் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். கொல்லத்தில் 1578-ல் தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் ஜெபித்த ஜெபங்கள் அந்நிய ஊர் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை போகக்கூடாதா? தகப்பனாருக்கு என் பதிலின் முதல் பாதி இதுதான்.

இனி அந்தப் பெண்ணின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் 'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய்?' என்று ஒரு கடிதம் கேட்பார்கள். வெளிநாட்டுக்கு அது கட்டாயம். இங்கே ஆய்வுப் படிப்புக்கு அதையே ஆய்வுத் திட்டம் என்பார்கள். அவள் எழுதி வந்த முதல் கடிதம், "சிறு வயது முதலே இறைப்பற்றுள்ள குடும்பத்தில் வளர்ந்த நான்" என்று தொடங்கிற்று. நான் இதுவரை பார்த்துத் திருத்திய கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. இறைப்பற்று நல்லதுதான், குருமடத்தில் சேர்வதற்கு அது வேண்டும். பல்கலைக்கழகம் கேட்பது வேறு. இவளுக்கு ஏதாவது ஒன்று புரியாமல் உறுத்துகிறதா, அதைத் தேடிப் போகும் பொறுமை உண்டா என்று பார்ப்பார்கள். பக்தியை அவர்கள் அளப்பதில்லை, அளக்கவும் கூடாது.

"உங்கள் வீட்டில் தவக்காலத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பாட்டி வியாகுலப் பிரசங்கம் வாசிப்பாங்க சார்" என்றாள். பாட்டிக்குத் தூத்துக்குடிக் கடற்கரை. மகனுக்கு இங்கே வேலை கிடைத்தபோது கூட வந்தவர், அந்தப் புத்தகத்தையும் கொண்டு வந்திருக்கிறார். மேலட்டை போய்விட்டது. ஒப்பாரி போல இழுத்து வாசிப்பாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து அழுவார்களாம். "யார் எழுதியது?" என்றேன். "தெரியாது சார், பாட்டிக்கும் தெரியாது" என்றாள்.

எழுதியவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் என்ற குரு. 1676-ல் கோவாவில் பிறந்தவர். 1705-ல் இலங்கைக்கு வந்தார். அப்போது அங்கே கரையோரத்தை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்தவர்கள். நம் சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் கல்லறைகளில் உறங்குகிறார்களே, அதே கம்பெனிக்காரர்கள்தாம். கொன்சால்வெஸ் சிங்களமும் தமிழும் கற்று இரண்டிலும் எழுதிக் குவித்து 1742-ல் அங்கேயே மறைந்தார். கொங்கணி பேசிய ஒருவர் இலங்கையிலிருந்து தமிழில் எழுதிய நூல் எப்படிக் கடல் தாண்டித் தூத்துக்குடிக் கரைக்கு வந்தது? கோவிலில் வாசிக்க எழுதியது எப்படி வீட்டுப் பெண்கள் கூடி வாசிக்கும் வழக்கமாயிற்று? பாட்டி வாசிக்கும் சொற்களும் அச்சில் உள்ள சொற்களும் ஒன்றுதானா? இவற்றில் எதற்கும் என்னிடம் விடை இல்லை. அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டி சில இடத்துல புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லுவாங்க சார். அது புத்தகத்துல இருக்கான்னு நான் பார்த்ததே இல்லை" என்றாள். அவளுடைய இரண்டாவது கடிதம் அந்த வாக்கியத்தில் தொடங்கிற்று. அதில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

இப்படிப்பட்ட கேள்வி எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இந்தக் குடியிருப்பிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் கடல் கொண்டுபோனவர்களை ஆண்டுதோறும் எப்படி நினைவுகூர்கிறார்கள், கோவிலில் என்ன செய்கிறார்கள், கடற்கரையில் என்ன செய்கிறார்கள் என்று நம்மில் யாராவது உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறோமா? நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய காரியம் அது.

கேள்வி கிடைத்தபின் மொழி வேண்டும். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் மதிப்பெண்ணுக்கு அடுத்து, சில வேளை அதற்கும் முன்னால், இதைத்தான் பார்ப்பார்கள். கொன்சால்வெஸைத் தொட வேண்டுமானால் போர்த்துகீசியம் வேண்டும். கோவாப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறை இருக்கிறது. புனித தோமையாரைப் பற்றி ஆராய விரும்புகிறவன் மயிலாப்பூரைச் சுற்றி வந்தால் மட்டும் போதாது. தோமையாரின் பணிகளைச் சொல்லும் பழைய நூல் சிரியாக் மொழியில் இருக்கிறது. அம்மொழியைக் கற்க அயல்நாடு போகத் தேவையில்லை. கோட்டயத்தில் புனித எஃப்ரேம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனமே உண்டு. லத்தீன் வேண்டுமென்றால் நம் பங்குத்தந்தையிடமே முதல் பாடம் கேட்கலாம். அவர் சிரிப்பதைப் பார்த்தால் குருமடத்தில் படித்தது கொஞ்சம் மறந்துவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை, சேர்ந்தே படியுங்கள். தமிழை மட்டும் 'தெரியும்தானே' என்று விட்டுவிடாதீர்கள். பேசத் தெரிந்தால் முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய உரைநடையை வாசித்துவிட முடியாது. தனிநாயகம் அடிகளார் மறுபடி மாணவரானதற்கு அதுதான் காரணம்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. பங்குத்தந்தையிடம் போய், 'தவறாமல் திருப்பலிக்கு வருபவர், பாடகர் குழுவில் பாடுபவர்' என்று எழுதி வாங்கி அதை ஹார்வர்டுக்கு அனுப்பிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. உங்கள் கட்டுரையைப் படித்துத் திருத்திய ஆசிரியர்தான் எழுத வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் முதலில் ஒரு கட்டுரையை எழுதுங்கள். பதினைந்து இருபது பக்கம். வெளிநாட்டில் எழுத்து மாதிரி என்று அதையே கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சு நூல்களை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். ஒரு கோடை விடுமுறை போதும்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயலுக்கென்று ஒரு துறை உண்டு. சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணத்துக்கும் தனித்தனித் துறைகள் அங்கேயே உள்ளன. நம் பிள்ளைகள் அந்த வகுப்புகளிலும் போய் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மதுரை அரசரடியிலும் பெங்களூரிலும் இறையியல் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தியாவில் சமயத் துறைகள் குறைவு என்று மலைக்க வேண்டாம். வியாகுலப் பிரசங்கக் கேள்வியைத் தமிழ்த் துறைக்கும் அனுப்பலாம், வரலாற்றுத் துறைக்கும் அனுப்பலாம், நாட்டார் வழக்காற்றியலுக்கும் அனுப்பலாம். வெளிநாட்டில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம், 1425-ல் தொடங்கியது, இறையியலை ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. ரோமையின் கிரகோரியன் 1551-லிருந்து இருக்கிறது. அங்கே இத்தாலியம் கற்றாக வேண்டும், திருச்சபை அதிகாரிகளின் கடிதமும் கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: ரோமையின் அதிகாரத்தில் தரப்படும் இறையியல் பட்டம் இங்கே கல்லூரி வேலைக்கு அப்படியே செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். சேருவதற்கு முன்பே சமநிலையைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

'சிஸ்டராகாமல் இதெல்லாம் படிக்கலாமா?' என்ற தகப்பனாரின் சந்தேகத்துக்குத் திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 229-ஆம் பிரிவு, பொதுநிலையினரும் திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்றுப் பட்டம் பெற உரிமை உடையவர்கள் என்கிறது. ஆண், பெண் என்ற பேதம் அதில் இல்லை.

அடுத்தது பணம். பெற்றோர்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தப் படிப்புக்கு வேலைகள் குறைவு. கடன் வாங்கி, நிலத்தை அடகு வைத்து வெளிநாட்டில் முதுகலை படிக்க அனுப்பாதீர்கள். நல்ல பல்கலைக்கழகம் உங்கள் பிள்ளையை ஆய்வுக்கு உண்மையிலேயே விரும்பினால் கட்டணத்தைத் தள்ளி, உதவித்தொகையும் தரும். அமெரிக்காவில் பெரும்பாலான ஆய்வு இடங்கள் அப்படித்தான். தராவிட்டால் அந்த இடம் நமக்கு வேண்டாம். இங்கே நெட் தேர்வு இருக்கிறது. சமயங்களின் ஒப்பாய்வு அதில் ஒரு பாடம். இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. 2024 முதல் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணே ஆய்வுச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எம்.ஃபில். முடித்தால்தான் ஆய்வு என்று இன்னும் சிலர் காத்திருக்கிறீர்கள்; அந்தப் பட்டம் 2022 விதிகளோடு நின்றுவிட்டது.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. தந்தை பெயருக்கும் அதே கதி. ஆதார், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்துப்போகாமல் கடைசி வாரத்தில் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதை இப்போதே சரிசெய்யுங்கள். சாதிச் சான்றிதழ் அதைவிடக் கடினமான விஷயம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வரமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. அந்த அநீதியைச் சுமப்பவர்கள் இந்தக் கூடத்திலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். பிள்ளையின் படிப்புக்காக வேறுவிதமாகச் சான்றிதழ் வாங்கிய குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையை மேற்கொண்டவர் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கிறிஸ்தவ இயல் படிக்கப் போகும் பிள்ளை, பங்குத்தந்தையின் கடிதத்தையும் அந்தச் சான்றிதழையும் ஒரே உறையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விண்ணப்பத்துக்கு முன் தனியே வந்து பேசுங்கள்; வக்கீல் ஒருவரிடம் நானே அழைத்துப் போகிறேன்.

நாட்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே கதவை மூடிவிடும். நெட் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஆகவே கிறிஸ்துமஸ் குடில் வேலைக்கு முன்னால் விண்ணப்ப வேலை முடிந்திருக்க வேண்டும்.

அந்தத் தகப்பனாரைப் போன ஞாயிறும் பார்த்தேன். ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே மேலட்டை இல்லாத அந்தப் புத்தகம். "எங்கம்மா கேக்கச் சொன்னாங்க சார். இதைப் பத்தி எழுதினா, வாசிச்சவங்க பேரும் அதுல வருமா?" என்றார். வரும் என்றேன்.

வரும் வாரத்திலிருந்து இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பறையில் ஒரு மணி நேரம் இருப்பேன். கையால் எழுதிய தாள் போதும். அடித்தல் திருத்தல் இருந்தால் இன்னும் நல்லது.